மாடித் தோட்டத்துக்கு ஊட்டி எதற்கு?

கார்த்திகை மழை ஓய்ந்ததும் நகரத்து நர்சரிகளின் முன்னால் ஓசூர், பெங்களூரு பக்கமிருந்து வந்த வண்டிகள் நிற்கும். பெட்டூனியா, டயாந்தஸ், பான்சி, ஃபிளாக்ஸ் எல்லாம் பூத்த நிலையிலேயே கறுப்புப் பிளாஸ்டிக் பைகளில் வந்து இறங்கும். மார்கழி முழுக்க அவை நன்றாகத்தான் இருக்கும். தை முடிவதற்குள் இலை சுருங்கும். மாசி வெயிலில் தண்டு கருகும். பங்குனியில் தொட்டியில் மண் மட்டும் மிஞ்சும். வீட்டுக்காரர் தனக்குக் கைராசி இல்லை என்று சொல்லிக்கொண்டு தொட்டியைக் கவிழ்த்து வைப்பார். அடுத்த மார்கழியில் அதே செடி, அதே செலவு, அதே புலம்பல்.

கைராசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. மிதமான பகலுக்கும் குளிர்ந்த இரவுக்கும் என்று வளர்த்தெடுத்த செடிகளைக் கொண்டுவந்து மொட்டைமாடி சிமெண்ட் தரையில் வைத்தால் அவை அப்படித்தான் போகும். தவறு நீர் ஊற்றுவதில் இல்லை, உரத்திலும் இல்லை. தேர்வில் இருக்கிறது. பூவின் நிறத்தைப் பார்த்து வாங்குகிறோம். அந்தச் செடி எந்த வெயிலுக்குப் பழகியது என்று கேட்பதில்லை.

கேட்டு வாங்கத் தகுந்த செடி ஒன்று பல நர்சரிகளில் மூலையில் இருக்கிறது. டயமண்ட் ஃப்ராஸ்ட் என்ற ஆங்கிலப் பெயரோடு விற்கிறார்கள். முழங்காலுக்கும் கீழே, ஓர் அடி முதல் ஒன்றரை அடி உயரம். மெல்லிய தண்டுகள், சின்னஞ்சிறு பச்சை இலைகள். அவற்றின் மேல் ஒற்றைக்கல் மூக்குத்தி அளவில் வெள்ளைப் பூக்கள், ஒன்றிரண்டல்ல, செடியே தெரியாத அளவுக்கு. அருகில் போய்ப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. நாலடி தள்ளி நின்றால்தான் அதன் அழகு தெரியும். அதனாலேயே அலைபேசியில் படம் பார்த்துச் செடி வாங்குகிறவர்களிடம் இது எடுபடுவதில்லை.

இது யூஃபோர்பியா பேரினத்தைச் சேர்ந்தது. நம்முடைய கள்ளிகளின் உறவு. நர்சரியில் போய் வெறுமனே யூஃபோர்பியா என்று கேட்டால் கடைக்காரர் முள்தண்டும் சிவப்பு, ரோஸ் நிறப் பூவுமாக இருக்கும் வேறொரு செடியை எடுத்துத் தருவார். அது மடகாஸ்கரிலிருந்து வந்து, தாய்லாந்தில் பெரிய பூவாக வளர்த்தெடுக்கப்பட்டது. நல்ல செடிதான், ஆனால் இங்கே பேசுவது அதைப் பற்றியல்ல.

குளிர்நாடுகளில்தான் டயமண்ட் ஃப்ராஸ்ட் முதலில் பேர் வாங்கியது. 2000-களின் நடுவில் சந்தைக்கு வந்தது. பதிவில் அதன் பெயர் 'இன்யூஃப்டியா'. அமெரிக்காவில் புரூவன் வின்னர்ஸ் என்ற வணிகப் பெயரில் விற்றார்கள். வசந்தத்தில் வாங்கி நட்டால் முதல் உறைபனி விழும்வரை ஓயாமல் பூக்கும். பனி விழுந்த அன்றே செத்துப்போகும். அதனால் அங்கே இதற்கு 'குளிர் தாங்காத மென்செடி' என்று பெயர். இலையுதிர் காலத்தில் தொட்டியை வீட்டுக்குள் எடுத்துவைக்கச் சொல்கிறார்கள், பெரும்பாலானோர் எடுப்பதில்லை. மறுவருடம் புதிதாக வாங்குகிறார்கள். கிறிஸ்துமஸ் சமயத்தில் சிவப்புப் பாயின்செட்டியாவின் காலடியில் இந்த வெள்ளைச் செடியை நட்டு ஒரே தொட்டியாக விற்பதும் உண்டு. பாயின்செட்டியாவும் யூஃபோர்பியாதான் என்பதை வாங்குகிறவர்களில் பலர் அறியமாட்டார்கள்.

இந்த மென்மை பனிக்கு மட்டும்தான். உறைபனியே விழாத சமவெளியில் இதே செடிக்கு மென்செடி என்ற பேச்சே கிடையாது. ஆண்டு முழுக்க இருக்கும், ஆண்டு முழுக்கப் பூக்கும். குளிர்நாட்டுக்காரர் வருடா வருடம் காசு கொடுத்து வாங்குவதை நாம் ஒருமுறை வாங்கி வைத்துக்கொள்ளலாம். நாம் செய்வதோ இதற்கு நேர் எதிர்: அவர்கள் ஊர்க் கோடையில் நிற்கும் பெட்டூனியாவை இங்கே வருடா வருடம் வாங்கிக்கொண்டிருக்கிறோம்.

டயமண்ட் ஃப்ராஸ்டின் தாய் இனம் யூஃபோர்பியா ஹைப்பெரிசிஃபோலியா. லின்னேயஸ் 1753-இல் பெயர் சூட்டிய செடி. பிறப்பிடம் அமெரிக்க வெப்ப நாடுகள். ஃபுளோரிடாவில் மண்ணுக்குரிய செடியாகவே இருக்கிறது. அங்குள்ள நர்சரிக்காரர்களுக்கோ இது தொட்டிக்குத் தொட்டி முளைத்துத் தொல்லை தரும் களை. அங்கிருந்து கிளம்பி, இந்தியா உட்பட வெப்ப நாடுகள் பலவற்றில் தானாக முளைத்து நிலைத்துவிட்டது. ரயில் தண்டவாளத்து ஜல்லியில், நடைபாதைக் கல்லின் இடுக்கில், கட்டடம் எழும்பாத காலி மனையில் இதையும் இதன் உறவுகளையும் பார்க்கலாம். மூன்று அறை கொண்ட கடுகளவுக் காய். முற்றியதும் வெடித்து மூன்று விதைகளைத் தெறிக்கவிடும். பிடுங்கினால் கையில் பால் ஒட்டும்.

உறவுகளில் நமக்கு நன்றாகத் தெரிந்தது அம்மான் பச்சரிசி. அதன் பாலை மருவிலும் பாலுண்ணியிலும் தடவுவது நாட்டு வைத்தியம். தாய்ப்பால் சுரக்கக் கீரையாக ஆக்கிக் கொடுப்பதும் உண்டு. அந்தச் செடியும் அமெரிக்காவிலிருந்து வந்ததுதான். தரையோடு படரும் சித்திரப்பாலாடை இன்னொரு உறவு. மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் குடும்ப முகம் பளிச்சென்று தெரியும்: எதிரெதிராக அமைந்த சின்ன இலை, ஒருபக்கம் சாய்ந்த இலையடி, முறித்தால் பால்.

களையின் பிள்ளை என்பதால்தான் இந்தத் தொட்டிச் செடிக்கு வெயில் ஒரு பொருட்டில்லை. அதற்குக் காரணம் உண்டு.

பெரும்பாலான தாவரங்கள் வெயில் ஏற ஏறத் தடுமாறும். காற்றிலிருந்து கரியமில வாயுவைப் பிடிக்கும் ரூபிஸ்கோ என்ற நொதி, வெப்பம் கூடும்போது ஆளை மாற்றிப் பிடிக்க ஆரம்பிக்கும். கரியமில வாயுவுக்குப் பதில் ஆக்ஸிஜனைப் பிடித்துக்கொள்ளும். செடி சேர்த்த சர்க்கரையில் ஒரு பங்கு இதில் வீணாகப் போகும். நீரைக் காப்பாற்ற இலைத்துளையை மூடினால் உள்ளே கரியமில வாயு இன்னும் குறையும். வீணடிப்பு இன்னும் ஏறும். நண்பகலில் பெட்டூனியா துவண்டு தொங்குவதற்குப் பின்னால் இந்தக் கணக்கும் இருக்கிறது.

சில தாவரங்கள் இதற்கு வழி கண்டுபிடித்தன. கரியமில வாயுவை முதலில் வேறொரு நொதியால் பிடித்து, நான்கு கார்பன் கொண்ட அமிலமாக்கி, இலையின் உள்ளறைக்கு அனுப்பி, அங்கே ரூபிஸ்கோவுக்கு முன்னால் நெருக்கமாகக் குவித்துவிடுகின்றன. ஆக்ஸிஜனைப் பிடிக்கும் வாய்ப்பு வெகுவாகக் குறைந்துவிடும். சி4 முறை என்று இதைச் சொல்வார்கள். கரும்பில் இது எப்படி நடக்கிறது என்பதை ஆஸ்திரேலியாவில் ஹாட்ச், ஸ்லாக் என்ற இருவர் 1966-இல் விளக்கினார்கள். சோளம், கம்பு, கேழ்வரகு, மக்காச்சோளம் எல்லாம் இந்த முறைக்காரர்கள். மானாவாரி நிலத்துக்கு நம் முன்னோர் எதைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதைப் பார்த்தாலே போதும், தாவரவியல் பாடம் பாதி முடிந்துவிடும்.

சின்ன இலை யூஃபோர்பியாக்களும் இதே முறையைத்தான் கையாளுகின்றன. அம்மான் பச்சரிசி, ஹைப்பெரிசிஃபோலியா, இன்னும் நூற்றுக்கணக்கான உறவினங்கள். யூஃபோர்பியா சுமார் 2,000 இனங்கள் அடங்கிய பெரும் பேரினம். அதற்குள் பாயின்செட்டியா போன்ற சாதாரண முறைக்காரர்களும் உண்டு. இரவில் மட்டும் இலைத்துளை திறக்கும் கள்ளிகளும் உண்டு. இந்த சி4 கூட்டமும் உண்டு. ஒரே பேரினத்துக்குள் மூன்று முறைகளும் இருப்பது தாவர உலகில் அரிது.

நம் வீடுகளில் ஏற்கெனவே இருக்கும் பூச்செடிகளில் இரண்டு இதே கட்சி. ஒன்று வாடாமல்லி. மற்றது பத்துமணிப் பூ. சித்திரை வெயிலில் மாடியில் எதுவுமே நிற்கவில்லை என்று சொல்லும் வீட்டிலும் இந்த இரண்டும் நின்றுகொண்டிருக்கும். காரணம் தெரியாமலேயே பாட்டிமார்கள் சரியான செடிகளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள்.

பூவிலும் ஒரு சங்கதி இருக்கிறது. வெள்ளையாகத் தெரிவது இதழ் அல்ல. யூஃபோர்பியாவின் 'பூ' என்பது உண்மையில் ஒரு கிண்ணம். நடுவே ஒரே ஒரு பெண் பூ, அதைச் சுற்றி ஒற்றை மகரந்தத் தண்டாகச் சுருங்கிப்போன ஆண் பூக்கள். கிண்ணத்தின் விளிம்பில் தேன் சுரக்கும் சுரப்பிகள். ஹைப்பெரிசிஃபோலியாவில் ஒவ்வொரு சுரப்பியின் ஓரத்திலும் மெல்லிய வெள்ளைத் தகடு நீண்டிருக்கும். காட்டுச் செடியில் அது கண்ணுக்கே தெரியாத அளவு. டயமண்ட் ஃப்ராஸ்டில் அது பெரிதாகி, எண்ணிக்கையும் கூடி, செடி முழுக்க வெள்ளையாகிவிட்டது. பாயின்செட்டியாவில் சிவப்பாகத் தெரிவதும் இதழ் அல்லதான், ஆனால் அது நிறம் மாறிய இலை, இரண்டும் ஒன்றல்ல. சாதாரண இதழைப் போலச் சட்டென்று வாடி உதிர்ந்து அழுக்காவதில்லை என்பதால் பழைய பூவைக் கிள்ளியெறியும் வேலை இந்தச் செடிக்கு இல்லை.

நுனி கிள்ளும் வேலையும் இல்லை. இந்தச் சின்ன இலைக் கூட்டத்துச் செடிகள் விதையிலிருந்து முளைத்த சில நாளிலேயே நடுத்தண்டின் வளர்ச்சியை நிறுத்திக்கொள்ளும். அதன்பின் எல்லாமே பக்கக் கிளைகள்தான். கிளைப்பது அவற்றின் பிறவிக் குணம். குச்சியிலிருந்து வளர்த்தாலும் பந்தாகத்தான் திரளும்.

இனி வளர்ப்பு. ஆறு மணி நேரமாவது நேர் வெயில் வேண்டும். வீட்டுக்குள் வைத்தால் பூ குறைந்து, தண்டு நீண்டு, பரிதாபமாகிவிடும். மண் எவ்வளவு இளகலாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது: செம்மண், மணல், மட்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம், கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவு. தேங்காய் நார்க்கழிவில் 'கொஞ்சம்' என்ற சொல் முக்கியம். மாடியில் எடை குறையட்டும் என்று தொட்டி முழுக்க நார்க்கழிவை நிரப்புவது இப்போது வழக்கமாகிவிட்டது. கோடையில் அது காய்ந்தால் மறுபடி நீரை ஏற்காமல் அடம்பிடிக்கும். மழைக்காலத்தில் ஊறினால் நாள்கணக்கில் காயாது. இரண்டுமே வேருக்கு ஆகாது.

நட்ட முதல் இரண்டு வாரம் தவறாமல் நீர் விட வேண்டும். வறட்சியைத் தாங்கும் என்று யாரோ சொல்லக் கேட்டு, நட்ட மறுநாளே மறந்துவிடுகிறவர்கள் உண்டு. வேர் பிடித்த பிறகுதான் அந்தத் தாங்கும் குணம் வரும். பிறகு மேல்மண் ஒரு விரல்கடை காய்ந்ததும் விட்டால் போதும். உரம் அதிகம் கேட்காது. அதிகம் கொடுத்தால் இலை பெருத்துப் பூ குறையும். கறுப்புத் தொட்டியைவிட மண்தொட்டியோ வெள்ளைத் தொட்டியோ நல்லது. செடி வெயிலைத் தாங்கும். தொட்டிச் சுவரில் ஒட்டிய வேர் கொதிக்கும் பிளாஸ்டிக்கைத் தாங்காது. தொட்டிகளை ஒன்றுக்கொன்று நெருக்கி வைத்தால் பக்கச்சூடு குறையும்.

மாவுப்பூச்சியும் வெள்ளை ஈயும் வரலாம். தொடக்கத்திலேயே நீரைப் பீய்ச்சிக் கழுவி, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து மாலையில் தெளித்தால் அடங்கும்.

உண்மையான எதிரி வெயில் அல்ல, ஐப்பசி. சென்னையில் ஆண்டு மழையில் பாதிக்கு மேல் வடகிழக்குப் பருவத்தில்தான் கொட்டுகிறது. நாள்கணக்கில் ஈரத்தில் நின்றால் வேர் அழுகும். கீழிலை மஞ்சளாகி உதிரும். ஒரு நாள் காலையில் செடியே சரிந்து கிடக்கும். மழை தொடங்குமுன் தொட்டியின் அடித்துளை அடைத்திருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்க்க வேண்டும். தொட்டிக்கு அடியில் வைத்த தட்டை எடுத்துவிட வேண்டும். இரண்டு செங்கல் மேல் தூக்கி வைக்கலாம், அல்லது வெளிச்சம் விழும் சன்ஷேடுக்கு அடியில் நகர்த்தலாம். அதற்கு முன்பே செடியைப் பாதி உயரத்துக்குக் கத்தரித்துவிட்டால் காற்றோட்டம் கிடைக்கும். மழை ஓய்ந்ததும் புதுத்தண்டு விட்டு மறுபடி நிறையும்.

தோட்டத்தில் தரையில் நடுகிறவர்களுக்கு இதே விதி. பாத்தியை மண்மட்டத்துக்கு மேலே தூக்கிக் கட்டி, ஓரத்து வரிசையில் நட வேண்டும். தனியாக ஒரு செடி நட்டால் களை போலத்தான் தெரியும், களையின் சாடையும் கொஞ்சம் இருக்கிறது. ஏழெட்டுச் செடி நெருக்கமாக, பின்னால் சிவப்பு இட்லிப்பூவோ ஊதா வாடாமல்லியோ இருந்தால் அந்த வெள்ளை எடுத்துக்கொடுக்கும்.

பெருக்குவது எளிது. பூக்காத இளந்தண்டின் நுனியை மூன்று அங்குலம் வெட்டி, வெட்டுவாயை நீரில் நனைத்தால் பால் நிற்கும். அடியிலைகளைக் களைந்துவிட்டு ஈரமணலில் ஊன்றி, நிழலில் வைத்தால் சில வாரங்களில் வேர்விடும். அமெரிக்காவில் காப்புரிமை உள்ளவரை இப்படிச் செய்வது சட்டப்படி தவறு. 1930-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அங்கே குச்சியால் பெருக்கும் புது ரகங்களுக்குக் காப்புரிமை உண்டு; இப்போது அது விண்ணப்பித்த நாளிலிருந்து 20 ஆண்டு. செடியோடு வரும் அட்டையில் 'பெருக்கக் கூடாது' என்று அச்சிட்டிருப்பார்கள். அந்தக் காப்புரிமை அந்த நாட்டோடு சரி. இந்தியாவின் காப்புரிமைச் சட்டம் செடிகளை ஏற்பதே இல்லை. புது ரகங்களுக்கு 2001-ஆம் ஆண்டின் தாவர ரகப் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டத்தில் தனிப் பதிவு முறை இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரருக்கு இரண்டு குச்சி ஒடித்துக் கொடுக்கும் வழக்கத்துக்கு இங்கே யாரும் வழக்குப் போடப் போவதில்லை.

பால் வடியும் செடி வீட்டுக்கு ஆகாது என்ற பேச்சு வரும். அதை மூடநம்பிக்கை என்று ஒரே அடியாகத் தள்ளிவிட முடியாது. கள்ளிப்பால் என்ற சொல்லுக்குத் தமிழ்நாட்டில் ஒரு கறுத்த வரலாறு இருக்கிறது. பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டம் கொண்டுவர வேண்டியிருந்த மாநிலம் இது. அந்த நினைவோடு ஒருவர் கள்ளி உறவுச் செடியை வேண்டாம் என்று சொன்னால் அவரோடு வாதாட வேண்டியதில்லை.

ஆனால் பால் மட்டும்தான் காரணம் என்றால் கணக்கு இடிக்கிறது. நந்தியாவட்டையை ஒடித்தால் பால்தான் வருகிறது. அது கோயில் நந்தவனத்தில் இருக்கிறது. எருக்கம்பூ மாலை பிள்ளையாருக்கு உகந்தது. அரளியோ இலை, பட்டை, வேர் என்று முழுக்க நஞ்சு; அதை வீட்டு வாசலிலும் வைக்கிறோம், நெடுஞ்சாலைகளின் நடுத்திட்டில் மைல் கணக்கில் நட்டும் வைத்திருக்கிறோம். அரளியோடு ஒப்பிட்டால் டயமண்ட் ஃப்ராஸ்ட் சாது. இருந்தாலும் யூஃபோர்பியாவின் பால் தோலில் அரிப்பைக் கிளப்பும், கண்ணில் பட்டால் கடுமையாக எரியும். வெட்டும்போது கையுறை போட வேண்டும். கண்ணில் பட்டால் நிறைய நீர்விட்டுக் கழுவி மருத்துவரிடம் போக வேண்டும். எதையும் வாயில் வைக்கும் வயதுப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் தொட்டியை எட்டாத உயரத்தில் வைக்கலாம், அல்லது சில வருடம் பொறுத்து வாங்கலாம்.

இந்தச் செடிக்கு எதிரான வலுவான வாதம் வேறு. இதற்கு மணமில்லை. தொடுக்க முடியாது. தலையில் வைக்க முடியாது, சாமிக்கும் சூட்ட முடியாது. தமிழ் வீடுகளில் பூச்செடி என்பது பார்ப்பதற்கு மட்டும் அல்ல, பறிப்பதற்கு. காலையில் ஒரு கிண்ணம் பூ தராத செடிக்கு நீர் ஊற்றுவதில் பலருக்கு விருப்பமில்லை. மல்லிகைக்குச் சொந்தமான இடத்தை இது பிடித்துக்கொள்ள வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. மார்கழிக்கு வந்து மாசியில் சாகும் பெட்டூனியாவும் தொடுக்க ஆகாத பூதான். அந்த இடத்தைத்தான் இதற்குக் கேட்கிறோம்.

இதைவிடப் பெரிய கேள்வி ஒன்றும் இருக்கிறது. ஒரு களையை எடுத்து, தேர்ந்தெடுத்து, உலகம் முழுக்க விற்கும் தொட்டிப் பூவாக மாற்ற முடியும் என்றால் அதை நாம் ஏன் செய்யவில்லை?

இது முதல்முறையும் அல்ல. நித்தியகல்யாணி மடகாஸ்கரிலிருந்து வந்து இந்தியா முழுக்கப் பரவிய செடி. சுடுகாட்டு மல்லி என்றுகூட அதற்குப் பெயர் வைத்தோம். அதிலிருந்து வின்பிளாஸ்டின், வின்கிரிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்துகள் வந்தன. தோட்டச் செடியாகவும் அதற்கு மறுபிறவி கிடைத்தது, அமெரிக்காவில். கனெக்டிகட் பல்கலைக்கழகத்தில் ரான் பார்க்கர் 1980-களில் அதன் நிறங்களை வளர்த்தெடுத்தார். அவர் உருவாக்கிய ரகங்கள் 1991-இல் அந்த நாட்டின் முக்கியத் தோட்டச்செடி விருதான அனைத்து அமெரிக்கத் தேர்வில் இடம்பெற்றன. இன்று நம் நர்சரிகளில் 'வின்கா' என்ற பெயரில் விதவிதமான நிறங்களில் இருக்கும் ஒட்டுரகச் செடி, நம் வேலியோரத்தில் நிற்கும் நித்தியகல்யாணிதான். பெயரை மாற்றி, விலையை ஏற்றித் திரும்ப வந்திருக்கிறது.

நம் ஆராய்ச்சி நிலையங்கள் சும்மா இருந்தன என்று சொல்ல முடியாது. முல்லை, பிச்சி, கனகாம்பரம், சம்பங்கி எனத் தொடுக்கும் பூக்களில் கோவை வேளாண் பல்கலைக்கழகமும் பெங்களூருவின் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனமும் நல்ல ரகங்களைத் தந்திருக்கின்றன. அது உழவருக்கான வேலை, அவசியமான வேலை. நகரத்து மாடியும் இன்று ஒரு நிலம் என்பதைத்தான் இன்னும் போதுமான அளவு ஏற்கவில்லை. தோட்டக்கலைத் துறை மானிய விலையில் கொடுக்கும் மாடித்தோட்டத் தளைகளில் காய்கறி விதை இருக்கிறது, நார்க்கழிவு இருக்கிறது, பை இருக்கிறது. வெயில் தாங்கும் பூச்செடி எது என்று சொல்லும் ஒரு துண்டுத்தாளைச் சேர்த்துக் கொடுத்தால் என்ன?

தோட்டம் என்றாலே நமக்குள் எழும் படம் ஊட்டியுடையது. மெக்ஐவர் என்ற தோட்டக்கலைஞர் 1848-இல் அங்கே அரசு தாவரவியல் பூங்காவை அமைத்தார். 1896 முதல் மலர்க்காட்சி நடக்கிறது. சமவெளி வெயிலிலிருந்து தப்பத்தான் வெள்ளைக்காரர்கள் அந்த மலையைத் தேடிப் போனார்கள்; இங்கிலாந்துச் செடிகளுக்கும் அந்தக் குளிர் ஏற்றதாக இருந்தது. அங்கே அந்தப் பூக்கள் பொருந்தும். ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக அந்தக் காட்சியைப் பார்த்துப் பார்த்து, அழகான பூ என்றால் அதுதான் என்று சமவெளிக்காரர்களும் நம்பிவிட்டோம்.

சென்னைக்கும் மலர்க்காட்சி வந்தது. முதல் காட்சி 2022 ஜூனில், கலைவாணர் அரங்கத்துக்குள். பின்னர் செம்மொழிப் பூங்காவுக்கு மாறியது. 2025-இல் அது ஜனவரிக்கு நகர்ந்தது. நகர்த்தியது புத்திசாலித்தனம்தான், மலையிலிருந்தும் ஓசூரிலிருந்தும் கொண்டுவரும் பூக்களுக்கு ஜனவரிதான் தாங்கும். கூட்டமும் வந்தது, பிள்ளைகள் மகிழ்ந்தார்கள், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் பார்த்துவிட்டுப் போகிறவர் அதே பூக்களை நர்சரியில் தேடுவார். பங்குனியில் அவர் வீட்டுத் தொட்டி காலியாவது அங்கேயே முடிவாகிவிடுகிறது.

ஜனவரிக் காட்சி இருக்கட்டும். அதே பூங்காவில் ஒரே ஒரு பாத்தியை மே மாதத்துக்கென்று ஒதுக்கலாம். மாசியில் நட்டு, நிழல்வலை போடாமல், அக்னி நட்சத்திரத்தின்போது மக்களுக்குத் திறந்துவிட வேண்டும். வாடாமல்லி, பத்துமணிப் பூ, நித்தியகல்யாணி, இட்லிப்பூ, ஓரத்து வரிசையில் இந்த வெள்ளை யூஃபோர்பியா. அதன் பக்கத்தில், நடைபாதையில் முளைக்கும் அதன் தாய் இனத்தையும், களை என்று எறியாமல், ஒரு தொட்டியில் வைக்கலாம். ஒவ்வொன்றின் முன்னாலும் ஓர் அட்டை: நட்ட நாள், எத்தனை நாளுக்கு ஒருமுறை நீர், இதுவரை எத்தனை செடி செத்தது. கடைசி எண்ணை மறைக்காமல் எழுத வேண்டும். மாடியில் என்ன வைக்கலாம் என்று கேட்டு வருகிறவருக்குத் தோட்டக்கலைத் துறை தரக்கூடிய நேர்மையான பதில் அதுதான். அதற்கு ஆகும் செலவு பத்து அட்டையும் ஒரு பேனாவும்.